அம்மன் சன்னதி எந்தப் பக்கம்?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் சுந்தரேசுவரர் சன்னதிக்கு நேரே நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சுவாமி கிழக்கு பார்த்திருக்கிறார். கும்பிட நிற்கும் நமக்கு முகம் மேற்கே. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, "அம்மன் சன்னதி எந்தப் பக்கங்க?" என்று விசாரிக்கிறார். "இடது பக்கம் போங்க" என்கிறோம் நாம். பக்கத்தில் நிற்கும் பெரியவர், "சுவாமிக்கு வலப்புறம் அம்பாள். மதுரையில அதுதான் விசேஷம்" என்கிறார். பிராகாரத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும் அம்மா துடைப்பத்தை நிறுத்தாமலே, "தெக்கால போங்கய்யா" என்கிறார். இடம், வலம், தெற்கு. கேட்டவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். ஆனால் மூன்று பேர் சொன்னதும் சரி.

எப்படி மூன்றும் சரியாக இருக்க முடியும் என்பதைப் பார்க்க, கொஞ்சம் நடந்து பார்ப்போம். சுவாமி சன்னதியை வலம் வந்து, கருவறைக்கு நேர் பின்னால் போய், கருவறையைப் பார்த்தபடி நிற்போம். இப்போது நம் முகம் கிழக்கே. அம்மன் சன்னதி நமக்கு வலது பக்கம் வந்துவிட்டது. சன்னதி நகரவில்லை, நாம்தான் நகர்ந்தோம். நம் பதில் மட்டும் மாறியது. பெரியவர் சொன்னதும் அந்த அம்மா சொன்னதும் அப்படியே நிற்கின்றன. இனி உற்சவர் புறப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீதியில் சுவாமி தெற்கு நோக்கிப் போகும்போது அவருடைய வலப்புறம் மேற்கு. வீதி முனையில் திரும்பினால் அவருடைய வலப்புறமும் கூடவே திரும்பும். அப்போது பெரியவரின் பதிலை வைத்துக்கொண்டு யாரும் அம்மன் சன்னதிக்குப் போய்ச் சேர முடியாது. யார் எப்படித் திரும்பினாலும் மாறாமல் இருப்பது "தெக்கால" ஒன்றுதான்.

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ள மனிதர்களுக்கு இந்த மூன்று வழிகள்தான் உண்டு என்று சொல்லிவிடலாம். உளவியலிலும் மொழியியலிலும் இவற்றைச் சட்டகங்கள் என்கிறார்கள். எதை ஊன்றிக்கொண்டு திசையைச் சொல்கிறோம் என்ற ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். நம் உடலை ஊன்றிச் சொன்னால் பார்ப்பவரைச் சார்ந்த சட்டகம். அந்தப் பொருளுக்கே உள்ள முகத்தையும் முதுகையும் ஊன்றிச் சொன்னால் பொருளைச் சார்ந்த சட்டகம். சூரியன், மலைச்சரிவு, ஆற்றோட்டம் என்று ஊருக்கெல்லாம் பொதுவான ஒன்றை ஊன்றிச் சொன்னால் நிலத்தைச் சார்ந்த சட்டகம்.

பேச்சில் இவற்றுக்கிடையே தாவுவது நமக்கே தெரிவதில்லை. "பஸ்ஸுக்கு முன்னால நில்லு" என்றால், நாம் எங்கிருந்து பார்த்தாலும் சரி, முகப்பு விளக்கு இருக்கும் பக்கம்தான் முன்பக்கம். பஸ்ஸுக்கு முகம் உண்டு. "மரத்துக்கு முன்னால நில்லு" என்றால்? மரத்துக்கு முகம் இல்லை. நாமே அதற்கு ஒரு முகம் வரைந்து, அது நம்மைப் பார்த்து நிற்பதாக எண்ணிக்கொண்டு, நமக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள இடத்தை "முன்னால்" என்கிறோம். நைஜீரியா பக்கம் பேசப்படும் ஹவுசா மொழியில் வழக்கம் இதற்கு நேர் எதிர். அங்கே மரம், வரிசையில் நமக்கு முன் நிற்கும் ஆளைப் போல, நாம் பார்க்கும் திசையையே பார்க்கிறது. ஆகவே மரத்துக்கு அந்தப் பக்கம்தான் "முன்னால்". இரண்டுமே நியாயமான ஏற்பாடுகள்தான்.

இந்த விஷயத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை இனி எடுத்துக்கொள்வோம். இடம் வலம் என்பது பிறவியிலேயே வருவது, நம் உடம்போடு ஒட்டியது, எளிது. கிழக்கு மேற்கு என்பது பிறகு கற்றுக்கொள்வது, கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் வேண்டுவது. இப்படித்தான் நினைக்கிறோம். பெரிய பெரிய ஆட்களும் இதையே நினைத்தார்கள். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1768-இல் எழுதிய ஒரு கட்டுரையில், திசை பற்றிய நம் அறிவெல்லாம் கடைசியில் நம் உடலின் பக்கங்களில்தான் வந்து நிற்கிறது என்று வாதிட்டார். நட்சத்திர வரைபடத்தைக் கையில் கொடுத்தாலும் நம் வலது எது, இடது எது என்று தெரியாவிட்டால் அது பயன்படாது என்பது அவர் கருத்து. கேட்டால் மறுக்கத் தோன்றாது. அவர் சொன்னதில் பாதி சரி, பாதி சரியில்லை. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று நிதானமாகப் பார்ப்போம்.

சரியான பாதி இது. எதிரே மேசையில் டீ கிளாஸ் இருக்கிறது. கை நீட்டி எடுக்கிறீர்கள். அந்த ஒரு நொடியில் கிளாஸ் உங்கள் கண்ணுக்கு எங்கே, தலைக்கு எங்கே, தோளுக்கு எங்கே, விரலுக்கு எங்கே என்று மூளை அடுத்தடுத்துக் கணக்குப் போட்டாக வேண்டும். கண்ணை அசைத்தால் கண்ணுக்கான கணக்கு மாறும். கைக்கான கணக்கு மாறக்கூடாது. உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் உள்ள பேரியட்டல் மடல் என்ற மூளைப் பகுதிக்கு இதுவே வேலை. இந்தக் கணக்கு முழுக்க முழுக்க உடலை ஊன்றியது, எந்த ஊர் மனிதருக்கும் பொதுவானது. வடக்கு தெற்கு மட்டுமே பேசும் ஒருவரும் டீ கிளாஸை இப்படித்தான் எடுப்பார்.

கைக்கு எட்டும் இந்த வெளி தோலோடு முடிந்துவிடுவதில்லை என்பது அழகான ஒரு கண்டுபிடிப்பு. 1996-இல் ஜப்பானில் அட்சுஷி இரிக்கியும் அவர் குழுவினரும், எட்டாத தீனியை ஒரு சிறு வாரியால் இழுத்துக்கொள்ளக் குரங்குகளைப் பழக்கினார்கள். கையருகே வரும் பொருளைக் கண்டால் துடிக்கும் சில நரம்புச் செல்கள், வாரியைப் பயன்படுத்திய பிறகு வாரியின் நீளம் முழுவதும் வரும் பொருளுக்கும் துடித்தன. மூளையைப் பொறுத்தவரை கை நீண்டுவிட்டது. தொரட்டியால் புளியம்பழம் பறிப்பவருக்கும், கரண்டியால் அடிச்சட்டியைத் துழாவுபவருக்கும் இது புதிய செய்தியாக இருக்காது.

சரியில்லாத பாதிக்கு வருவோம். "கிளாஸ் என் இடது கைப் பக்கம் இருக்கிறது" என்பது ஒரு செய்தி. "கிளாஸ் தட்டுக்கு இடது பக்கம் இருக்கிறது" என்பது வேறு செய்தி. முதலாவதற்கு என் உடலும் கிளாஸும் போதும். இரண்டாவதில் மூன்று பேர் இருக்கிறோம்: நான், கிளாஸ், தட்டு. தட்டுக்கென்று இடது வலது கிடையாது. என் உடலின் பக்கங்களைக் கழற்றித் தட்டின் மேல் மாட்டி, அங்கிருந்து கிளாஸின் இடத்தைச் சொல்கிறேன். நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் இரண்டும் ஒரே வேலை என்று தோன்றிவிடுகிறது. இந்த மாட்டும் வேலை இயற்கையாக வருவதில்லை. கற்றுக்கொள்ள வேண்டும், அதுவும் மெதுவாகத்தான் வரும்.

பந்தியில் இலை போட்டுப் பழகாத ஒரு பையனைப் பாருங்கள். நுனி, உட்கார்ந்திருப்பவருக்கு இடது கைப் பக்கம் வர வேண்டும். பையன் எதிரே நின்று போடுகிறான். தனக்கு இடப்பக்கம் நுனியை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போவான். பெரியவர்கள் "தம்பி, இலையைத் திருப்பு" என்பார்கள். நாலைந்து இலைக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தயங்கித்தான் வைப்பான். அந்தக் கணத்தில் அவன் மனதுக்குள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, இடது கையைத் தேடிப்பிடித்துவிட்டுத் திரும்பி வருகிறான். பழகியவர்கள் அந்தப் பயணத்தையே விட்டுவிடுகிறார்கள். நுனி என் வலப்பக்கம் என்று கைக்குச் சொல்லிவைத்துக்கொண்டு போட்டுக்கொண்டே போகிறார்கள்.

குழந்தைகள் தங்கள் இடது வலது கையை ஐந்து, ஆறு வயதில் ஓரளவு தப்பில்லாமல் சொல்லிவிடும். எதிரே நிற்பவரின் இடது கை எது என்று சொல்ல இன்னும் ஓரிரு ஆண்டு ஆகும். வளர்ந்த பிறகும் இது முழுக்க எளிதாகிவிடுவதில்லை. 1990-இல் நான்சி ஃபிராங்க்ளின், பார்பரா ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு காட்சியைப் படிக்கக் கொடுத்து, அதன் நடுவே நிற்பதாக எண்ணிக்கொள்ளச் சொன்னார்கள். தலைக்கு மேல் ஒரு பொருள், காலடியில் ஒன்று, முன்னால், பின்னால், இடது, வலது என்று சுற்றிலும் பொருள்கள். பிறகு "இப்போது இந்தப் பக்கம் திரும்பிவிட்டீர்கள், உங்கள் முன்னால் என்ன இருக்கிறது?" என்பது போல் கேட்டுக்கொண்டே போனார்கள். மேல் கீழுக்குப் பதில் மிக வேகமாக வந்தது. அடுத்தது முன் பின். கடைசியாக வந்தது இடம் வலம்.

காரணத்தை யோசித்தால் வியப்பில்லை. மேலும் கீழும் புவியீர்ப்பு பிடித்துவைத்திருக்கும் திசைகள். தலையும் காலும் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதே இல்லை. முன்னால் கண் இருக்கிறது, நடை இருக்கிறது. பின்னால் இரண்டும் இல்லை. இடமும் வலமும் மட்டும் ஒன்றையொன்று அப்படியே உரித்துவைத்தவை. அவற்றைப் பிரித்தறிய உடம்பில் நல்ல அடையாளம் இல்லாததால்தான் நம் ஊரில் சோத்துக்கை, பீச்சாங்கை என்று செய்யும் காரியத்தை வைத்துப் பிரித்துச் சொல்கிறோம். நாம் மிக இயற்கை என்று நினைக்கும் திசைதான் உடம்புக்கு மிகத் தடுமாற்றமானது. இதை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அடுத்த படி எளிது: அந்தத் தடுமாற்றமான திசையை அன்றாடப் பேச்சில் ஏறக்குறைய பயன்படுத்தாமலே வாழும் மக்கள் இருக்க முடியும்.

இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் ஹோப்வேல் என்ற ஊரில் கூகு யிமிதிர் என்ற மொழி பேசுகிறார்கள். 1770-இல் கேப்டன் குக்கின் கப்பல் அந்தக் கரையில் நின்றபோது எழுதிக்கொண்ட சொல்லிலிருந்துதான் கங்காரு என்ற பெயர் உலகத்துக்குப் போனது. அந்த மொழியில் இடது கை, வலது கை என்று கைகளுக்குப் பெயர் உண்டு. ஆனால் "மரத்துக்கு இடது பக்கம்" என்ற பேச்சு இல்லை. எல்லாமே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குதான். காலில் எறும்பு ஏறினாலும் எந்தத் திசைக் கால் என்றுதான் வரும். ஜான் ஹாவிலேண்ட் என்ற மானிடவியலாளர் 1980-இல் அங்கே ஒரு முதியவர் சொன்ன கதையைப் படம் பிடித்தார். கடலில் படகு கவிழ்ந்து உயிர் தப்பிய கதை. முதியவர் மேற்கு பார்த்து உட்கார்ந்திருந்தார். படகு புரண்ட விதத்தைக் கைகளைத் தன்னிடமிருந்து முன்னோக்கி உருட்டிக் காட்டினார். இரண்டு ஆண்டு கழித்து ஸ்டீபன் லெவின்சன் அதே கதையை அவரிடம் கேட்டுப் படம் பிடித்தார். இந்த முறை முதியவர் வடக்கு பார்த்து உட்கார்ந்திருந்தார். கைகள் வலமிருந்து இடமாகப் புரண்டன. இரண்டு படத்தையும் திசையோடு பொருத்திப் பார்த்தால் படகு இரண்டு முறையும் கிழக்கிலிருந்து மேற்காகத்தான் கவிழ்கிறது. அவர் நினைவில் கடல் திசையோடு இருந்தது. கதை சொல்லும்போது அவர் எப்படித் திரும்பி உட்கார்ந்தாலும் அது திரும்பவில்லை. இந்த இரண்டு படங்களை விட வலுவான சான்று இந்தத் துறையில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மெக்சிகோவின் சியாபாஸ் மலைப்பகுதியில் செல்டால் மொழி பேசும் தெனெஹாபா மக்களுக்கும் இடது கை, வலது கை உண்டு, இடப்பக்கம் வலப்பக்கம் இல்லை. அவர்களுக்கு மலைச்சரிவே திசை: தெற்கு மேட்டுப்பக்கம், வடக்கு பள்ளத்துப்பக்கம். சமதளமான மேசை மேல் இருக்கும் இரண்டு பாட்டில்களில் ஒன்று மற்றதற்கு "மேட்டுப்பக்கம்" இருக்கும்.

தூரத்து ஊர்களை மட்டும் சொல்வானேன்? எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் இதே கேள்வியோடு மதுரை வட்டாரத்துக்கு வந்தார். 1995-இல் வெளியான அவருடைய ஆய்வு தமிழர்களைப் பற்றியது. மொழி ஒன்றே, ஆனால் மேசை மேல் உள்ள சின்னப் பொருள்களின் இடத்தைச் சொல்லும்போது நகரத்தார் இடம் வலம் என்றார்கள், கிராமத்தார் பெரும்பாலும் வடக்கு தெற்கு என்றார்கள். அந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். "கொஞ்சம் தெக்க தள்ளி உக்காரு" என்று திண்ணையிலும், "மேக்கால இருக்கிற டப்பாவை எடு" என்று அடுக்களையிலும் கேட்டு வளர்ந்தவர்கள் எத்தனை பேர்.

பேச்சு வேறு, மனம் வேறு என்று யாராவது சொல்லலாம் அல்லவா? அதற்காக வாய் திறக்காமல் ஆடும் ஒரு சோதனையை இந்த ஆய்வாளர்கள் வைத்திருந்தார்கள். அதை நாமே வீட்டில் செய்யலாம். வடக்கே ஒரு மேசை, தெற்கே ஒரு மேசை, நடுவில் நீங்கள். வடக்கு மேசையில் மூன்று பொம்மை மிருகங்கள் வரிசையாக, எல்லாம் கிழக்கு பார்த்து நிற்கின்றன. வடக்கு பார்த்து நிற்கும் உங்களுக்கு அவை வலது பக்கம் பார்க்கின்றன. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பொம்மைகளை எடுத்துவிட்டு, சற்று நேரம் கழித்து உங்களைத் தெற்கு மேசைப் பக்கம் திருப்பி, "முன்பு இருந்தது போலவே அடுக்குங்கள்" என்கிறார்கள். நீங்கள் வலது பக்கம் பார்க்கும்படி அடுக்கினால், அவை இப்போது மேற்கு பார்க்கின்றன. கிழக்கு பார்க்கும்படி அடுக்கினால், அவை உங்களுக்கு இடது பக்கம் பார்க்கின்றன. இரண்டும் "முன்பு இருந்தது போல"தான். எது உங்களுக்குச் சட்டென்று தோன்றியதோ அது உங்கள் மனம் சாயும் பக்கம். மதுரைப் பக்கத்தில் பேச்சில் தெரிந்த வேறுபாட்டை ஒட்டியே கையும் சாய்ந்தது.

மொழி இப்படிப் பேச வைப்பதால் மனம் இப்படி ஆகிறதா, வயல்வெளியில் வாழ்வதால் மொழியும் மனமும் சேர்ந்தே இப்படி ஆகின்றனவா என்பதில் பெரிய சண்டை உண்டு. 2002-இல் பெக்கி லீயும் லைலா கிளைட்மனும், சுற்றுப்புறத்தில் கண்ணில் படும் அடையாளங்களை மாற்றினாலே அமெரிக்க மாணவர்களும் நிலத்தைச் சார்ந்து அடுக்கத் தொடங்குகிறார்கள் என்று காட்டினார்கள். லெவின்சன் தரப்பு அதற்குப் பதில் எழுதியது. எனக்கு இரு தரப்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளத் தோன்றுவது ஒன்றுதான்: மூன்று வழிகளும் எல்லோரிடமும் இருக்கின்றன, பழக்கம் ஒன்றை முன்னால் நிறுத்துகிறது.

வேலைக்கு ஏற்ற வழியை எடுப்பதில் நம் கிராமத்து வழக்கம் கூர்மையானது. நிலப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வண்டிப்பாதைக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, கோயில் நிலத்துக்குக் கிழக்கு, ஊர்ப் புறம்போக்குக்கு மேற்கு, இதற்குள்பட்ட நிலம் என்று நான்கு எல்லை எழுதியிருக்கும். அளவும் கிழமேலடி, தென்வடலடி என்று வரும். எழுதியவர் எந்தப் பக்கம் பார்த்து நின்று எழுதினார் என்பதை அறுபது வருடம் கழித்து யார் சொல்வது? நிலத்தை நிலத்தை வைத்தேதான் சொல்ல வேண்டும். ஆனால் அதே விவசாயி ஏர் பூட்டும்போது இடத்து மாடு, வலத்து மாடு என்கிறார். ஏர் வயலைச் சுற்றிச் சுற்றித் திரும்பும். வடக்கத்தி மாடு அடுத்த சாலில் தெற்கத்தி மாடாகிவிடும். நுகத்தடியோடு சேர்ந்து திரும்பும் பெயர்தான் அங்கே வேண்டும்.

மூளைக்குள் இதற்கெல்லாம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எழுந்துவிட முடியாது. 1971-இல் லண்டனில் ஜான் ஓகீஃப், ஜொனாதன் டோஸ்ட்ரோவ்ஸ்கி இருவரும் எலியின் ஹிப்போகேம்பஸ் என்ற உள்மூளைப் பகுதியில் விசித்திரமான செல்களைக் கண்டார்கள். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் ஒரு செல் துடிக்கும். வேறொரு மூலைக்கு வந்தால் வேறொரு செல். திறந்த வெளியில் எலி எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அந்த இடத்துக்கு அதே செல்தான். எலியின் இடம் வலம் அதற்குத் தேவைப்படவில்லை. இவற்றை இடச் செல்கள் என்கிறார்கள். 2005-இல் நார்வேயின் டிராண்ட்ஹெய்ம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவினர் அருகிலுள்ள பகுதியில் இன்னொரு வகையைக் கண்டார்கள். இங்கே ஒரே செல் பல இடங்களில் துடிக்கிறது. அந்த இடங்களைத் தரையில் குறித்தால், ஊடுபுள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளிகள் போல, ஒவ்வொன்றைச் சுற்றியும் சம தூரத்தில் ஆறு புள்ளிகளோடு தரை முழுக்கப் பரவியிருக்கிறது. எலி அந்தப் புள்ளிகளை எங்கேயும் பார்க்கவில்லை. அதன் மூளையே தரை மேல் போட்டுக்கொள்கிறது. கட்டச் செல்கள் என்ற இவற்றைக் கண்டதற்காக மோசர் தம்பதியினரும், இடச் செல்களுக்காக ஓகீஃபும் 2014-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

1984-இல் ஜேம்ஸ் ராங்க் அறிவித்த மூன்றாவது வகைதான் நம் பேச்சுக்கு மிக நெருக்கம். தலைத்திசைச் செல்கள். எலி எங்கே இருந்தாலும் தலை ஒரு குறிப்பிட்ட திசையை நோக்கினால் அந்தத் திசைக்குரிய செல் துடிக்கும். உள்ளே காந்த ஊசி ஏதும் இல்லை. வட்டமான கூண்டின் சுவரில் ஒரு வெள்ளை அட்டையை ஒட்டிவைத்து, எலியை வெளியே எடுத்திருக்கும்போது அட்டையை வேறு பக்கம் நகர்த்தினால், எலி திரும்பி வந்ததும் அதன் செல்களும் அதே அளவு திரும்பிக்கொள்கின்றன. வெளியில் பழகிய ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவை நிற்கின்றன. அடையாளம் கண்ணில் படாத இருட்டில், உள்காது சொல்லும் திருப்பங்களையும் கால் நடையையும் கூட்டிக் கூட்டிச் சமாளிக்கின்றன. நேரம் ஆக ஆகக் கணக்கு நழுவும்.

மெட்ரோ நிலையத்திலிருந்து படியேறி வெளியே வந்ததும் ஊரே தலைகீழாகத் திரும்பிக் கிடப்பது போல் தோன்றுகிறதே, அதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். பூமிக்கு அடியில் எத்தனையோ திருப்பம், ஓர் அடையாளமும் இல்லை. சென்ட்ரலில் வெளியே வந்து, சாலை தப்பான பக்கம் போவதாக மனம் அடம்பிடித்துக்கொண்டிருக்கும். ரிப்பன் கட்டடம் கண்ணில் பட்டதும் ஒரு கணத்தில் ஊர் சுற்றி வந்து தன் இடத்தில் உட்காரும். வடக்கு தெற்கு பேசிப் பழகியவர்கள் இந்தக் கணக்கை ஒரு நிமிடமும் விடாமல் வைத்திருக்கிறார்கள். வைத்திராவிட்டால் அவர்களால் அடுத்த வாக்கியம் பேச முடியாது.

இப்போது ஒரு கேள்வி நியாயமாக வரும். நிலத்தை ஊன்றிய கணக்கு ஒருபுறம், உடலை ஊன்றிய பார்வை ஒருபுறம்; இரண்டும் எங்கே சந்திக்கின்றன? 1978-இல் இத்தாலியில் எடோவார்தோ பிசியாக், கிளவ்தியோ லுட்சாத்தி இருவரும் எழுதிய ஆய்வு இதற்கு ஒரு ஜன்னலைத் திறந்தது. மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்டு, இடது பக்கம் இருப்பதையே கவனிக்காத இரண்டு நோயாளிகள். இருவருக்கும் மிலான் நகரின் பேராலயச் சதுக்கம் பழக்கமானது. சதுக்கத்தின் எதிர்முனையில், பேராலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு தெரிவதைச் சொல்லுங்கள் என்றார்கள். வலது பக்கத்துக் கட்டடங்களே பெரும்பாலும் வந்தன. இடது பக்கம் விடுபட்டுப்போனது. பிறகு, பேராலய வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இப்போது, சற்று முன் விட்டுப்போன கட்டடங்கள் சரளமாக வந்தன. முதலில் சொன்னவை காணாமல் போயின.

இதை மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம். சதுக்கம் முழுவதும் அவர்கள் நினைவில் பத்திரமாக இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் இரண்டாம் முறை அந்தக் கட்டடங்கள் எங்கிருந்து வரும்? ஆனால் நினைவிலிருந்து எடுத்து மனக்கண்ணில் விரிக்கும்போது, ஓரிடத்தில் நின்று, ஒரு பக்கம் பார்த்துத்தான் விரிக்க முடிகிறது. அந்தக் காட்சிக்கு இடமும் வலமும் உண்டு. சேமிப்பில் நாம் இல்லை, காட்சியில் நாம் இருக்கிறோம். காண்ட் உடலை அடித்தளம் என்றார். இந்த நோயாளிகளைப் பார்த்தால், உடல் காட்சி விரியும் கடைசிப் படியில்தான் வந்து சேர்கிறது.

அந்தச் சேமிப்பையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். கடையில் வாங்கும் வரைபடம் போல மனதில் ஒன்று மடித்துவைக்கப்பட்டிருப்பதாக எண்ணத் தோன்றும். அது அவ்வளவு ஒழுங்கானதில்லை. 1978-இல் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், பேட்டி கூப் இருவரும் அமெரிக்கர்களிடம் ரீனோ நகரம் சான் டியேகோவுக்கு எந்தத் திசை என்று கேட்டார்கள். நெவாடா மாநிலம் கலிபோர்னியாவுக்குக் கிழக்கே. ஆகவே நெவாடாவின் ரீனோவும் கிழக்கே என்று பெரும்பாலோர் எண்ணினார்கள். உண்மையில் ரீனோ மேற்கே தள்ளி இருக்கிறது. ஊர்களை நாம் தனித்தனியே வைத்துக்கொள்வதில்லை. பெரிய நிலத்துக்குள் சின்ன ஊரை வைத்து, பெரியதன் திசையைச் சின்னதற்கும் கொடுத்துவிடுகிறோம்.

நம் பக்கத்திலேயே பார்க்கலாம். கன்னியாகுமரி பெங்களூருக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. இரண்டும் கிழக்குத் தீர்க்கரேகை 77.5 பாகையை ஒட்டியவை. கர்நாடகம் மேற்கு, தமிழ்நாடு கிழக்கு என்று மனதில் இருப்பதால் நம்பச் சற்று நேரம் பிடிக்கும். இன்னொன்று: கொழும்பு, சென்னைக்குக் கிழக்கேயா, மேற்கேயா? இலங்கை கிழக்கே கடலில் இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடத் தோன்றும். சென்னை 80.27 பாகை, கொழும்பு 79.86. யாழ்ப்பாணம்கூடச் சென்னைக்குச் சற்று மேற்கேதான். கொழும்பிலிருந்து நேர் வடக்கே ஒரு கோடு இழுத்தால், அது கோடியக்கரையில் கரையேறி, வேதாரண்யத்தையும் நாகப்பட்டினத்தையும் ஒட்டிக்கொண்டு போகும்.